ரொறன்ரோவா, டொராண்டோவா?

கேள்வி:

ஐயா, தபாலதிபராக முப்பத்திரண்டு வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவள் நான். யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருக்கிறேன். நல்லூர்த் திருவிழாவுக்கென்று மகளும் பத்து வயதுப் பேத்தியும் கனடாவிலிருந்து வந்து நிற்கிறார்கள். பேத்தி அங்கே சென்னையைச் சேர்ந்த ஓர் ஆசிரியையிடம் தமிழ் படிக்கிறாள். அவளுடைய புத்தகத்தில் 'டொராண்டோ' என்று இருக்கிறது. நம் பத்திரிகையில் 'ரொறன்ரோ'. எது சரி என்று கேட்டு என்னைப் பிடித்துக்கொண்டாள்.

வந்த இரண்டாம் நாளே ஒரு குழப்பம். "அம்மம்மா காலையிலிருந்து பேசிக்கொண்டே இருந்தார்" என்று தாயிடம் சொல்லியிருக்கிறாள். மகள் நேரே குசினிக்குள் வந்து, "வந்த பிள்ளையை ஏன் பேசினீர்கள்?" என்று சண்டைக்கு நின்றாள். நான் கதைதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு கதிரை ஏன் நாற்காலி இல்லை, திறப்பு ஏன் சாவி இல்லை, கச்சான் என்றால் காற்றா கொட்டையா, தமிழ் எழுத்து ஏன் இப்படி உருண்டை உருண்டையாக இருக்கிறது என்று ஒரே கேள்வி. எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். 'வேலையில்லாதவளுக்கு ஒரு வேலை' என்கிறார் இவர். இந்தக் கொப்பியால் ஏதும் பயன் உண்டா? பிள்ளையின் எழுத்தைத் திருத்தலாமா, விடலாமா?

– ஓர் அம்மம்மா, கோண்டாவில்

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு,

கேள்விகள் எல்லாம் கைத்தொலைபேசியில் வந்து விழுகிற காலத்தில் உங்களுடையது தபாலில் வந்தது. நீல மை, முகவரியின் கடைசி வரிக்குக் கீழே ஒரு கோடு, மூலைக்கு அளவெடுத்து ஒட்டிய முத்திரை. எழுதியவர் தபால் கந்தோரில் இருந்தவர் என்று உறையைக் கிழிக்கும் முன்பே தெரிந்துவிட்டது. அந்தக் 'கந்தோர்' என்ற சொல்லுக்குப் பிறகு வருகிறேன்.

நான் பண்டிதன் அல்லன். நாற்பது வருடம் அச்சகத்திலும் பத்திரிகையிலும் ஒப்புநோக்காளனாக இருந்தவன். பிறருடைய பிழைகளைத் தேடியே கண்ணாடியின் தடிப்பு ஏறியது. ஆகையால் என் பதிலும் எழுத்துக்கூட்டிப் பார்க்கிறவனின் பதிலாகத்தான் இருக்கும்.

முதலில் ரொறன்ரோ. இந்த ஊரின் பெயரை நான் அதிகம் திருத்தியது மரண அறிவித்தல்களில். 'கோண்டாவிலைப் பிறப்பிடமாகவும் கனடா ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட' என்று வரும் வரியில் பிறப்பிடம் ஒருபோதும் பிழைக்காது. வதிவிடம் ஒருபோதும் ஒரே மாதிரி வராது. ரொறன்ரோ, ரொறொன்ரோ, ரொரன்ரோ, ரொறன்றோ. ஒரே குடும்பத்தின் மூன்று அறிவித்தல்களில் மூன்று விதமாகக் கண்டிருக்கிறேன்.

பேத்தியின் கண்ணால் அந்தச் சொல்லைப் பாருங்கள். முதலில் நிற்கும் 'ரொ' ஆங்கிலத்தின் ரீ (T) எழுத்து. நடுவில் நிற்கும் 'ற' ஆர் (R) எழுத்து. கடைசி 'ரோ' மறுபடியும் ரீ. மூன்று எழுத்தும் கூத்தில் போல வேடம் மாற்றிக்கொண்டு நிற்கின்றன. ரகரத்தின் ஓசையை றகரம் வாங்கிக்கொண்டது. ரகரமோ தனக்குச் சொந்தமில்லாத வல்லோசையைச் சுமக்கிறது. இது ஒரு சொல்லோடு நிற்கவும் இல்லை. ரயர், ரிவி, ரொபி, ரின்மீன் எல்லாம் ரீ. றேடியோ, றப்பர், றம்புட்டான் எல்லாம் ஆர். எங்கும் எழுதிவைக்கப்படாத ஒழுங்கு இது. ஆனாலும் நம் ஊரில் மீன்ரின் மீது ஒட்டிய தாளை வாசிக்கத் தடுமாறிய ஒருவரையும் நான் கண்டதில்லை.

பக்கத்திலேயே டகரம் சும்மா இருக்க, இவ்வளவு பாடு எதற்கு? இதற்கு விடை புத்தகத்தில் இல்லை, வாயில் இருக்கிறது. பேத்தியை முன்னால் இருத்தி பத்து, பற்று, பட்டு என்று மூன்று சொல்லையும் ஆறுதலாகச் சொல்லிக் காட்டுங்கள். அவளும் சொல்லட்டும். 'பத்து' என்னும்போது நாக்கு மேற்பல்லின் பின்புறத்தில் முட்டும். 'பட்டு' என்னும்போது நுனி மடிந்து அண்ணத்தின் மேலே போகும். 'பற்று' இரண்டுக்கும் நடுவே, பல்லுக்குச் சற்றுப் பின்னால் ஒரு மேடு இருக்கிறதே, அங்கே. இப்போது அவளுடைய ஊரின் பெயரை அவள் பள்ளிக்கூடத்தில் சொல்வது போல ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். நாக்கு முதலில் எங்கே போகிறது? 'பற்று' முட்டிய அதே மேட்டுக்கு. 'பட்டு' முட்டிய இடத்துக்கு அல்ல.

அந்த நடு இடம் நம் ஊர்ப் பேச்சில் உயிரோடு இருக்கிறது, மலையாளத்திலும் இருக்கிறது. தமிழ்நாட்டில் பெரும்பாலான இடங்களில் பேச்சில் அது பல்லுக்கு நகர்ந்து, காற்று 'காத்து' ஆகிவிட்டது. புத்தகத்தைப் பார்த்து வாசிக்கும்போது மட்டும் நாக்கு ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்துக்கொள்ளும். நடு இடம் காதில் இல்லாதவருக்கு ஆங்கில ரீ ஒலி டகரமாகக் கேட்பது இயல்பு. இருக்கிறவருக்கு டகரம் தடிப்பாகக் கேட்பதும் அதே அளவு இயல்பு. ஆகவே சென்னை ஆசிரியையும் நம் பத்திரிகையும் ஒரே ஊரைத்தான் எழுதினார்கள், இரண்டு காதால் கேட்டு.

தொல்காப்பியர் இதை எவ்வளவு நுட்பமாகப் பிடித்திருக்கிறார் என்று பாருங்கள். ர, ழ இரண்டும் நுனிநா அண்ணத்தை 'வருட'ப் பிறக்கும் என்கிறார். ற, ன இரண்டும் அதே நுனிநா 'ஒற்ற'ப் பிறக்கும் என்கிறார். வித்தியாசம் ஒரே ஒரு வினைச்சொல்லில்தான். காயத்தில் பஞ்சு வைத்து ஒற்றுவதும், தூங்கும் பிள்ளையின் தலையை வருடுவதும் ஒன்றா? ஒற்றினால் காற்று அடைபட்டு வெடிக்க வேண்டும். அதனால்தான் றகரத்தைக் க, ச, ட, த, ப என்ற வல்லினக் கூட்டத்தில் சேர்த்தார்கள். 'வல்லினத்தில் இந்த ற என்ன செய்கிறது?' என்று பள்ளிக்கூடத்தில் குழம்பாத பிள்ளை உண்டா? 'பற்று' என்று நம் ஊர் அம்மம்மா ஒருவர் சொல்லக் கேட்டால் அந்தக் குழப்பம் தீரும். கிறிக்கற், கொம்பியூற்றர் என்று நாம் எழுதும்போது றகரம் தன் பழைய உத்தியோகத்தைத்தான் பார்க்கிறது.

சொல்லின் தொடக்கத்தில்தான் சங்கடம். ட, ர, ற மூன்றுமே சொல்லுக்கு முதலில் வரக்கூடாது என்பது இலக்கணம். பழைய ஆட்கள் முன்னே ஓர் இகரத்தை நாற்றுநட்டு இராமன், இலண்டன் என்று எழுதிச் சமாளித்தார்கள். 'இரொறன்ரோ' என்று எழுத எனக்கே மனம் வரவில்லை. எனவே, உள்ளே வரக்கூடாத மூவரில் யாரை வாசலில் நிறுத்துவது என்பதுதான் கேள்வியாக இருந்தது. சென்னை டகரத்தை நிறுத்தியது. றகரத்தை ஆர் எழுத்துக்குக் கொடுத்துவிட்டபடியால் நாம் மிச்சமாக இருந்த ரகரத்தை நிறுத்தினோம்.

அதில் நமக்கு நட்டமும் உண்டு, மறைக்கக் கூடாது. சென்னையிலிருந்து வந்து என் வீட்டில் தங்கியிருந்த ஒரு நண்பருக்கு ஒருமுறை 'ரவுணுக்குப் போய் மத்தியானம் வருகிறேன்' என்று துண்டு எழுதி வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் மனிதர் கவலையோடு வாசலில் நிற்கிறார்: "இந்த வெயிலில் இத்தனை மணிநேரமா ஊரை ஒரு ரவுண்டு சுற்றினீர்கள்?" நான் போனது பட்டினத்துக்கு, பேனைக்கு மை வாங்க.

ஆகவே 'எது சரி' என்பதற்கு என் தீர்ப்பு: டகரம் நாக்கின் இடத்தில் பிழைக்கிறது, ரகரம் வெளியூரார் கண்ணில் பிழைக்கிறது. ஒன்றைத் தெரிந்துகொண்டு கடைசிவரை அதையே எழுத வேண்டும். ஒரே பந்தியில் இரண்டும் வந்தால்தான் நான் சிவப்புப் பேனையை எடுப்பேன். பிள்ளையைத் திருத்தாதீர்கள். வகுப்புக் கொப்பியில் டொராண்டோ இருக்கட்டும். அந்த ஆசிரியையின் காதும் தமிழ்க் காதுதான். உங்களுக்குக் கடிதம் எழுதும்போது ரொறன்ரோ என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டு எழுத்துமுறை தெரிவது பிள்ளைக்குப் பாரமில்லை. பாரமாவது பெரியவர்களுக்குத்தான்.

அடுத்தது, நீங்கள் பேத்தியைப் 'பேசிய' விவகாரம். நம் ஊரில் சாதாரண வாய்த்தொழிலுக்குக் 'கதைத்தல்' என்று ஒரு சொல் இருப்பதால் 'பேசுதல்' பெரிய காரியங்களுக்கு ஒதுங்கிவிட்டது. மேடையில் பேசுவார்கள். கலியாணம் பேசுவார்கள், அதற்குப் பேச்சுக்கால் என்று ஒரு பெயரும் உண்டு. பிறகு, பிள்ளைகளைப் பேசுவார்கள். மூன்றிலும் ஒருவர் வாய் திறக்க மற்றவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பதைக் கவனித்தீர்களா? உங்கள் மகளின் கேள்வியிலேயே விளக்கம் இருக்கிறது. 'பிள்ளையோடு பேசினீர்கள்' என்றால் உலகத் தமிழர் யாருக்கும் அது உரையாடல். 'பிள்ளையைப் பேசினீர்கள்' என்றால் ஏச்சு. வேற்றுமை உருபு ஒன்று மாற, கதை சொன்ன அம்மம்மா குற்றவாளிக் கூண்டில் ஏறிவிட்டார். பேத்தி 'ஓடு', 'ஐ' இரண்டையும் விட்டுவிட்டு வெறுமனே 'பேசிக்கொண்டே இருந்தார்' என்றாள்; மகள் தன் ஊர்ச் செவியால் 'ஐ'யைப் போட்டு நிரப்பிக்கொண்டாள். கனடாவில் இருபது வருடம் இருந்தும் மகளின் காது கோண்டாவிலிலேயே இருக்கிறது. எனக்கு இதில் மகிழ்ச்சிதான். உங்களுக்கு அந்த நேரம் எப்படி இருந்திருக்கும் என்பது வேறு.

கதிரையும் திறப்பும் எனக்கு மிகவும் பிடித்த சோடி. நாற்காலி நல்ல தமிழ், நாலு கால் உள்ளது. அதை விட்டுவிட்டு நாம் போர்த்துக்கேயரின் கதிரையில் உட்கார்ந்திருக்கிறோம். 'தமிழைக் கெடுத்துவிட்டீர்கள்' என்று யாரும் சொல்ல வந்தால், அவர் கையில் இருக்கும் சாவியைக் காட்டுங்கள். சாவியும் போர்த்துக்கேயர் கொண்டுவந்த சொல்தான். திறக்கிறதைத் திறப்பு என்று நல்ல தமிழில் சொல்கிறவர்கள் நாம். உட்காருவதில் தமிழ்நாட்டார் வென்றார்கள், கதவு திறப்பதில் நாம் வென்றோம். உள்ளே போனபின் யன்னலைத் திறக்க இரு பகுதியாருக்கும் போர்த்துக்கேயர் உதவி தேவை.

பேத்தியோடு வீட்டைச் சுற்றி ஒரு நடை போய்ப் பாருங்கள். மேசை, அலுமாரி, வாங்கு, சுவரில் தொங்கும் துவாய், வாசலில் கழற்றிய சப்பாத்து, காலையில் வாங்கிய பாண், அது இருக்கும் குசினி, தோட்டத்து மூலையில் சாத்தி வைத்த அலவாங்கு: அத்தனையும் போர்த்துக்கேயம். இவ்வளவுக்கும் அவர்கள் யாழ்ப்பாணத்தை ஆண்டது 1619 முதல் 1658 வரை, நாற்பது வருடம்கூட நிறையவில்லை. அவர்களைத் துரத்திய ஒல்லாந்தர் 1795 வரை இருந்தார்கள். அவர்கள் விட்டுப்போன சொற்கள் எங்கே என்று தேடினால், உங்கள் கந்தோர் ஒன்று. அப்புக்காத்து, நொத்தாரிசு இரண்டும் நீதிமன்றப் பக்கம். பிறகு, மன்னிக்க வேண்டும், கக்கூசு. முதலில் வந்தவர் குசினிக்குள்ளும் படுக்கையறைக்குள்ளும் புகுந்தார். அடுத்து வந்தவர் பத்திரம் எழுதவும் பின்வளவுக்குப் போகவும் கற்றுத்தந்தார். ஒல்லாந்தர் ஆட்சியிலும் கடற்கரைப் பட்டினங்களில் கலப்புப் போர்த்துக்கேயம்தான் பொதுப்பேச்சாக நீடித்தது என்பதையும் சேர்த்துக்கொண்டால் இது அவ்வளவு விந்தையில்லை. ஆட்சி மாறினாலும் சமைக்கிறவரும் தைக்கிறவரும் மாறுவதில்லையே.

ஆனால் சுளகு, கடகம், படலை, கிடுகு, துலா என்று அதே வீட்டின் வெளிப்பக்கம் வந்தால் ஒரு பறங்கிச் சொல்லும் கிடையாது. கடலால் வந்தவை கதவுக்கு உள்ளே, மண்ணில் முளைத்தவை வெளியே. அலவாங்கு மட்டும் எப்படியோ வேலியைத் தாண்டி வெளியே போய்விட்டது.

கச்சான்: காற்று என்றாலும் சரி, கொட்டை என்றாலும் சரி. மேற்கிலிருந்து வீசுவதைக் கடற்றொழிலாளர் கச்சான் என்பார்கள். நல்லூர் வீதியில் சுடச்சுடச் சுருளில் கட்டித் தரும் வேர்க்கடலையும் கச்சான். அந்தச் செடி தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. பேத்தி தன் புத்தகத்துத் தமிழில் 'கடலை' கேட்டால் கொண்டல்கடலையைத்தான் கொடுப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பெயர் ஏன் ஒன்றானது என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். கதையை எழுதுங்கள், ஆனால் 'இன்னார் இப்படிச் சொன்னார்' என்று எழுதுங்கள்.

எழுத்து ஏன் உருண்டை என்ற கேள்விக்கு உங்கள் வளவிலேயே ஒரு சாட்சி நிற்கும். பனங்குருத்தோலை ஒன்றை எடுத்து, ஈர்க்கை நீக்கி, நிழலில் சில நாள் உலர்த்துங்கள். பேத்தியின் கணிதப் பெட்டியில் கவராயம் இருக்கும். அதன் முள்ளால் அவளுடைய பெயரைக் கீறச் சொல்லுங்கள். ஓலையின் நரம்பு நீளவாக்கில் ஓடுகிறது. நரம்போடு சேர்த்து நேர்க்கோடு இழுத்தால் சில இடங்களில் 'சர்' என்று பிளக்கும். வளைத்து எழுதினால் முள் வழுக்கிக்கொண்டு போகும். எழுதி முடிந்ததும் ஒன்றும் தெரியாது. கரிப்பொடியை எண்ணெயில் குழைத்துப் பூசித் துடைத்தால் எழுத்துகள் திடீரென்று எழுந்து நிற்கும். பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல மந்திரவித்தை நான் அறியேன்.

ஓலையால்தான் எழுத்து உருண்டது என்று பலரும் சொல்கிறார்கள். ஒப்புநோக்காளன் புத்தி எனக்கு உடனே எதிர்ச்சாட்சி தேடும். ட, ப, ம, ய எழுத்துகளைப் பாருங்கள். டகரம் இரண்டே இரண்டு நேர்க்கோடு. அதே மாதிரியான ஓலையில் எழுதிய சிங்களமும் மலையாளமும் உருண்ட அளவுக்குத் தமிழ் உருளவில்லை. பாதி உண்மை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஓலை செய்த பெரிய காரியம் வேறு. புள்ளி குத்தினால் ஓலை துளைபடும் என்று பெரும்பாலும் புள்ளியே வைக்காமல் எழுதினார்கள். 'கல்' என்பதும் 'கல' என்பதும் ஏட்டில் ஒன்றுதான். எ, ஏ வேறுபாடும் ஒ, ஓ வேறுபாடும் தெரியாது. வாசிப்பவர் சொல்லை முதலே அறிந்திருந்தால்தான் ஏடு பேசும். ஏகாரத்துக்கு அந்தக் காலையும் ஓகாரத்துக்கு அந்தச் சுழியையும் கொடுத்து நம்மைக் காப்பாற்றியவர் 18 ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த இத்தாலியப் பாதிரியார், வீரமாமுனிவர். என் தொழிலுக்கு அவர் குலதெய்வம்.

இனிக் கொப்பி. பயன் உண்டா என்று கேட்டீர்கள். 1842 இல் வெளிவந்த யாழ்ப்பாண அகராதியை, மானிப்பாய் அகராதி என்றும் சொல்வார்கள், நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ஏறத்தாழ 58,500 சொற்கள். கணினி இல்லை, தொலைபேசி இல்லை. யாரோ சிலர் இருந்து ஒவ்வொன்றாக எழுதியவை. அவர்களில் ஒருவருடைய வீட்டிலாவது 'வேலையில்லாதவனுக்கு ஒரு வேலை' என்று சொல்ல ஓர் ஆள் இருந்திருப்பார். இதை உங்கள் வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டலாம்.

எப்படி எழுதுவது என்பதில்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது. சொல்லையும் பொருளையும் மட்டும் எழுதாதீர்கள். அந்த வசனத்தை முழுதாக, கேட்டபடியே எழுதுங்கள். 'பேசுதல் – ஏசுதல்' என்று எழுதினால் நாளைக்கு அது செத்த பூச்சி. 'வந்த பிள்ளையை ஏன் பேசினீர்கள்?' என்று எழுதி, யார் சொன்னது, எங்கே, என்ன திகதி என்று போட்டால் குசினி, மகளின் கோபம், அந்த 'ஐ' எல்லாம் அதற்குள் இருக்கும். முப்பத்திரண்டு வருடம் திகதி முத்திரை குத்திய கை உங்களுடையது. இது உங்களுக்குக் கஷ்டமில்லை.

'கேட்டபடியே' என்பதை ஏன் அழுத்துகிறேன் என்றால், கண்ணும் காதும் தாம் எதிர்பார்த்ததைத்தான் பிடிக்கும். ஈயெழுத்துக் காலத்தில் நான் வேலை செய்த ஓர் அச்சகத்தில், பழைய பக்கத்தைக் கலைத்து எழுத்துகளைப் பெட்டியின் அறைகளில் போடும்போது ஒரு 'த', 'க'வின் அறைக்குள் விழுந்துவிட்டது. மறுநாள் அச்சுக் கோப்பவர் பார்க்காமலே கைபோன போக்கில் எடுத்தார். நானும் இரண்டுமுறை ஒப்புநோக்கினேன். பெரிய எழுத்தில், கறுப்புக் கட்டத்துக்குள், 'தண்ணீர் அஞ்சலி' என்று ஐந்நூறு துண்டு அச்சாகிப் போனது. நான் அத்தனை தடவையும் 'கண்ணீர்' என்றே வாசித்தேன். இறந்தவர் கள்ளுத் தவறணைப் பக்கம் நன்கு அறியப்பட்டவர். உறவினர்கள் முதலில் கொதித்தார்கள். அந்தியேட்டி முடிந்தபின் மூத்த மகன் வந்து, அப்பா இருந்திருந்தால் முதல் ஆளாகச் சிரித்திருப்பார் என்று சொன்னபிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. அதற்குப் பிறகு தலைப்புகளை நான் பின்னிருந்து முன்னாகத்தான் எழுத்துக்கூட்டுவேன். நீங்களும் கொப்பியில் எழுதியதை இரவில் ஒருமுறை அப்படிப் பாருங்கள்.

கடைசியாக, உங்கள் பேத்தி கேட்காமல் விட்ட ஒரு கேள்வி. அந்த ஊருக்கு அந்தப் பெயர் யார் வைத்தது? அது ஆங்கிலமே அல்ல. அந்த நிலத்தின் பழங்குடிகளான மோஹோக் மக்களின் சொல்லிலிருந்து வந்தது என்பது பொதுவாக ஒப்புக்கொண்ட விளக்கம். மூலச்சொல்லைத் தமிழில் எழுத நான் துணியமாட்டேன். சண்டை மறுபடியும் தொடங்கும். பொருள்: 'தண்ணீரில் மரங்கள் நிற்கும் இடம்'. முதலில் அது அந்த நகரத்தைக்கூடக் குறிக்கவில்லை. வடக்கே சிம்கோ ஏரிப் பக்கத்தில் நீர் ஒடுங்கும் ஒரு கழுத்தில், ஆயிரக்கணக்கான வருடங்களாக மக்கள் தடிகளை நெருக்கி ஊன்றி மீனை வழிமறித்துப் பிடித்தார்கள். தண்ணீரில் நின்ற மரங்கள் அவைதாம். பெயர் அங்கிருந்து மெல்ல மெல்லத் தெற்கே நகர்ந்து நகரத்தில் ஒட்டிக்கொண்டது. இடையில் ஆங்கிலேயர் 1793 இல் அதை மாற்றி யோர்க் என்று வைத்துப் பார்த்தார்கள். 1834 இல் பழைய பெயருக்கே திரும்பினார்கள்.

பிள்ளை விமானம் ஏறுவதற்கு முன் ஒரு மாலை ஊர்காவற்றுறை பஸ்ஸில் ஏறிப் பண்ணைப் பாலத்தில் இறங்குங்கள். கடல்நீரேரியில் தடிகளை வரிசையாக ஊன்றி வலை கட்டியிருப்பார்கள். நுனிகளில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயப்போட்டுக்கொண்டிருக்கும். அதைக் காட்டி, இதுதான் உன் ஊரின் பெயர் என்று சொல்லுங்கள். கொப்பியை அவளிடமே கொடுத்து அதை எழுதச் சொல்லுங்கள். முதல் எழுத்தாக டகரத்தைப் போடுகிறாளா ரகரத்தைப் போடுகிறாளா என்று எனக்கு ஒரு தபாலட்டை எழுதிப் போட மறந்துவிடாதீர்கள்.